போன் மாட்டியிருந்த சுவர்

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம் கடைவீதியில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். கீழே காபி கடை, மேலே ஆபீஸ் வரப்போகிறது. நான் சைட் இன்ஜினீயர். இடித்துக் கட்ட யாராலும் முடியும், பழசை மீட்டெடுக்க எங்களால்தான் முடியும் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

கீழே முப்பது வருடம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்து காலி செய்த பெரியவர், ஒரு திங்கட்கிழமை வந்தார். போன் மாட்டியிருந்த சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கப் பென்சிலில் பெயர்கள், நம்பர்கள். அவர் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்ற, போனை எடுத்துப் பேசியது அவர் மனைவியாம். நோட்டு வாங்கிக் கொடுத்தாலும் சுவரில்தான் எழுதுவாராம். ‘மிக்ஸி அக்கா’, ‘கோவக்கார சார்’ என்று கஸ்டமர்களுக்கு அந்த அம்மா வைத்த பெயர்களைப் படித்துக் காட்டிச் சிரித்தார். அந்த அம்மா அதற்கு முந்தைய வருடம்தான் தவறிவிட்டாராம்.

“அவ கையெழுத்துன்னு வீட்ல ஒரு சீட்டுகூட இல்லம்மா. பையன் பொம்மசந்திராவுல ஃபேக்டரில இருக்கான், சண்டேதான் லீவு. வந்து இந்தத் துண்ட மட்டும் பேத்து எடுத்துக்கறோம். அதுவரைக்கும் தொடாதீங்க.”

“கண்டிப்பா சார், அதுக்கென்ன!” என்றேன். கையில்தான் போன் இருந்தது. அப்போதே ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். பாவி, தோன்றவில்லையே!

வியாழக்கிழமை, ஓனர் பார்க்க வருகிறார் என்று ஒரே பரபரப்பு. “மேடம், கீழ இருக்கற சுவரெல்லாம் இன்னிக்கே முடிச்சிடலாமா?” என்று மேஸ்திரி போனில் கேட்டார். முடிச்சிடுங்க என்றேன். சத்தியமாக நினைவே வரவில்லை.

ஞாயிறு காலை அப்பாவும் மகனும் உளி, சுத்தியல், சுற்றி எடுத்துப்போக ஒரு பழைய போர்வையோடு வந்து நின்றார்கள். பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. உள்ளே சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“ஒரு போன் பண்ணியிருந்தா லீவு போட்டுட்டு ஓடி வந்திருப்பேனே மேடம்!” என்று மகன் கத்தினார். பெரியவர் அவரை அடக்கிவிட்டு, ஈரம் காயாத சுண்ணாம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“அடியில இருக்கும்லம்மா?”

ஏனோதானோ என்று வேலை செய்பவர்கள் மேலாக வெள்ளையடித்திருந்தால் இருந்திருக்கும். நாங்கள் நேர்த்தியாகச் செய்பவர்கள் ஆயிற்றே! பழைய பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டி, குப்பையை லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

“இருக்கும் சார்,” என்றேன். “அப்போ இங்கயே பத்திரமா இருக்கட்டும்மா, பேத்தா அழிஞ்சிடும்,” என்று மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இப்போது அந்தக் காபி கடைக்கு அவர் அடிக்கடி வருகிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனேன். அந்தச் சுவரில் தலை சாய்த்து அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டேன். எத்தனை கட்டடத்தைக் காப்பாற்றினாலும், பத்து விநாடி வேலையைச் செய்யாமல் ஒரு மனிதரின் மனைவியை அவரிடமிருந்து இரண்டாம் முறை பறித்தவள் நான் என்பது என்னை விட்டுப் போகாது.