பொலித்தீனுக்கு மேலால் தைத்தவர்கள்

நட்ட நடுப்பகலில், ஒற்றைக் காலில் செருப்போடு, பேய்க்குப் பயந்து ஓடியவன் நான். அதற்கு முந்தின வாரம்தான் பாடசாலையொன்றில் மூடநம்பிக்கையைத் திட்டிப் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன்.

எங்கள் வர்த்தகர் சங்கத்துக்கு நான் செயலாளர். கொப்பியும் பேனையும் விற்கிறவனுக்கு எழுத்துவேலை ஓடும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். பாடசாலை முடித்த பிள்ளைகளைக் கார்மென்ட் வேலைக்குப் பழக்கவென்று சங்கம் கரண்டில் ஓடும் தையல் மெஷின்கள் வாங்கி, ஓர்ஸ் ஹில் என்ற மேட்டுக்குக் கீழே, துறைமுகத்தைப் பார்த்த பழைய ஸ்டோர் ஒன்றில் வரிசையாக வைத்தது. டீச்சரும் வந்து கரும்பலகையில் மெஷினைக் கீறிப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். மெஷினைத்தான் தொட ஏலாது. பிரதம அதிதி வந்து நாடா வெட்டும்வரை பொலித்தீனைக் கழற்றக்கூடாது என்று கூட்டத்தில் முன்மொழிந்த மேதை நான்தான். எங்கள் ஊரில் ஒரு பொருளைப் பெரியவர் யாராவது திறந்துவைக்காவிட்டால் அது கொடுத்ததாகவே சேர்த்தியில்லை. அதிதியோ திகதியைத் தள்ளிக்கொண்டே போனார். கார்மென்ட் தொழிற்சாலை அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆள் எடுக்கும் செய்முறைச் சோதனைக்கு நாள் குறித்துவிட்டது.

நினைவுக்கல் பதிக்கும் சுவரை அளக்க ஒருநாள் மதிய இடைவேளையில் போனேன். அந்த ஸ்டோருக்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே மூட்டை சுமந்து செத்தவர்கள் இன்னும் வேலையை விடவில்லையாம். கதவைத் தள்ளினேன். உள்ளே அரை இருட்டு. மெஷின்களுக்கு முன்னால் பெண்கள் தலைகுனிந்து இருந்தார்கள். கால்கள் மிதித்தன. கைகள், அங்கே இல்லாத துணியொன்றை ஊசிப்பக்கம் மெல்லத் தள்ளின, மூலையில் நின்றன, திருப்பின, மறுபடி தள்ளின. மெஷின் சத்தமே இல்லை. பொலித்தீன் மட்டும் மூச்சு விடுவதுபோலச் சரசரத்தது. ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓடிவந்த என்னைக் கேற்றடியில் காவலாளி மறித்தார். கிண்ணியாக்காரர், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். விழுந்த செருப்பை எடுத்துவந்து தந்து, என்ன கண்டீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். சிரிப்பை அடக்க மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“அது நம்மட புள்ளைகள், சேர். சாப்பாட்டு நேரம் ஒவ்வொரு நாளும் இதுதான் நடக்குது. தொடக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க.”

திரும்பிப் போனேன். வாசலுக்குக் கிட்ட இருந்தவள் வெருகல் பக்கத்துப் பிள்ளை. எழும்பி நின்று, பொலித்தீனை ஒருவரும் கழற்றவில்லை, மேலால்தான் கையை ஓட்டினோம் என்றாள். போன சோதனையில் கை பழகாமல் தவறவிட்டவளாம்.

“இந்த முறையும் விட்டால் வீட்டில திரும்ப இங்க அனுப்பமாட்டினம், சேர்.”

அதிதிக்கென்று வாங்கிய தங்க நிறக் கத்தரிக்கோல் அலுமாரியில் இருந்தது. நாடாவுக்குச் செய்த சாமான், பொலித்தீனைச் சப்பிக் குதறியது. எப்படியோ எல்லாவற்றையும் உரித்துப் போட்டேன். அன்று பின்னேரம் ஸ்டோர் முழுக்க மெஷின் இரைந்தது. சங்கத் தலைவர் போனில் சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் வியாபாரப் புத்தி திரும்பி, புதுப் பொலித்தீன் வாங்கச் சொன்னார். விழாவன்று மெஷின்களைத் திரும்பவும் போர்த்தினோம். அதிதி திறந்துவைத்தார். வெருகல் பிள்ளையால் வரமுடியவில்லை. சோதனையில் தேறி வேலைக்குப் போய்விட்டாள்.

கடையில் புதுக் கொப்பிக்கட்டைப் பிரிக்கும்போது பொலித்தீன் சரசரத்தால் இன்றைக்கும் என் கை நின்றுவிடுகிறது. அந்தக் கால்கள் வருகின்றன, சத்தமில்லாமல் மிதித்துக்கொண்டு. உயிரோடு இருக்கிற பிள்ளைகள்தான் என்று தெரிந்த பிறகு பயம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

பிறகொரு நாள் பஸ்ஸில் வெருகல் பிள்ளையைக் கண்டேன். நலம் விசாரித்து, பேச்சை மெதுவாகக் கத்தரிக்கோல் பக்கம் கொண்டுபோனேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“சோதனையண்டு கரண்ட் நிண்டிட்டுது, சேர். சும்மா கையாலயும் காலாலயும் செய்து காட்டச் சொன்னவை. அது எங்களுக்கு முதலே தெரியும்தானே.”