திகதி கேட்கும் மக்ரோ

நுரைச்சோலைச் சந்தியில் அஜித்தாவின் கடைப்பலகையில் 'கொமினிகேஷன்' என்று எழுதியிருந்தாலும், கடை ஓடியது செத்தவர்களால்தான். முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோயிலில் கொடுக்கும் நினைவு அட்டைகளை அவள் அடித்துக் கொடுத்தாள். மேலே படம், அதன் கீழே நட்சத்திரத்தோடு பிறந்த திகதி, சிலுவைக் குருசோடு இறந்த திகதி, பிறகு செபம், சுற்றிவரப் பூக்கரை.

ஒரே செபத்தையும் ஒரே பூக்கரையையும் அடித்தடித்துச் சலித்துத்தான் கணினியில், வேர்டில் உள்ள மக்ரோ வசதியைப் பிடித்தாள். ஒருமுறை செய்துகாட்டிப் பதிந்துவிட்டால், பிறகு இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்த எல்லாம் தானாக வந்து நிற்கும். இந்த ஆவணத்துக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று கணினி கேட்டது. எல்லாவற்றுக்கும் என்றாள் கெட்டிக்காரி. பதிந்தபோது திரையில் இருந்த ஒரு கிழவரின் இறந்த திகதியும் சேர்ந்து பதிந்தது அவளுக்குத் தெரியாது. அடுத்து அட்டை அடிப்பித்த வீட்டார் அந்தப் பிழைத் திகதியைக் கவனியாமல் பூசையில் கொடுத்துவிட்டு, கடை வாசலில் வந்து நின்று ஏசித் தீர்த்தார்கள்.

அந்த அவமானத்தில் ஒரு புத்தகத்தை வாங்கி, மக்ரோவுக்குள் போய்த் தானே வரிகள் எழுதினாள். பெயரைக் கேள். பிறந்த திகதியைக் கேள். இறந்த திகதியைக் கேள், வெறுமையாக விட்டால் திரும்பவும் கேள்.

கணவன் றொபி அதை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது உன்ன மாதிரியே இருக்கு. பதில் சொல்லாமத் தப்பேலாது."

யுத்தம் முடிந்து கடலைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. முன்பு கடற்படை மறித்த தூரத்துக்கெல்லாம் மீன்பிடிப் படகுகள் போயின, றொபியும் போனான். கடலைக் கிளப்பும் கச்சான் காற்றுத் தொடங்கிய ஆனி மாதத்தில் ஒருநாள் விடியப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி கிடைத்தது.

அஜித்தா கடையைத் திறந்தாள். மற்றவர்களின் செத்தவர்களுக்கு அட்டை அடித்தாள். வீட்டில் றொபிக்கும் சேர்த்தே உலை வைத்தாள். இந்தியாவில் ஒதுங்கியிருப்பார், அங்கே மறியலில் அடைபட்டிருப்பார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். முப்பத்தோராம் நாள் எப்போதோ கடந்துவிட்டது.

மார்கழியில் ஒரு காலை, ஒரே வீட்டில் இருந்த மாமியார் மாக்கிறட் கடைக்கு வந்து கதிரையில் இருந்தாள்.

"பிள்ளை, றொபிக்கு ஒரு அட்டை அடி. பூசை வைக்கோணும்."

"மாமி, அவர் இன்னும்..."

"அவன்ர ஆத்துமம் செபமில்லாமக் கிடக்குது. அடி."

அஜித்தா இரண்டு விசைகளை அமத்தினாள். மக்ரோ பெயரைக் கேட்டது, கொடுத்தாள். பிறந்த திகதியைக் கேட்டது, கொடுத்தாள். இறந்த திகதியைக் கேட்டது. வெறுமையாக விட்டாள். கேள்விப் பெட்டி திரும்ப வந்தது. மறுபடி விட்டாள், மறுபடி வந்தது. தான் எழுதிய வரியே தன் கழுத்தைப் பிடிக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மக்ரோவை நிறுத்தி உள்ளே போய், 'திரும்பவும் கேள்' என்ற வரியின் முன்னால் சின்னக் குறி ஒன்றை வைத்தாள். குறி வைத்த வரி பச்சையாகிவிடும், கணினி அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகும். இந்த முறை வெறுமையோடு அட்டை வந்தது. அச்சடித்துக் கொடுத்தாள்.

மாக்கிறட்டுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எத்தனையோ பூசைகளில் வாங்கிய அட்டைகளை அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பவள். விரலால் மகனின் படத்தைத் தடவினாள், நட்சத்திரத்தைத் தடவினாள், குருசில் வந்து நின்றாள்.

"இதுக்குப் பக்கத்தில ஒண்டுமில்லையே, பிள்ளை."

அஜித்தா அட்டையைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ அவனுக்கும் சேத்து அரிசி போடுறத நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். வருவான் எண்டுதான் எனக்கும் கிடந்தது. இனிக் காணும், நிப்பாட்டு."

"எந்த நாளப் போடுறது, மாமி? எனக்குத் தெரியாதே."

"போன நாளப் போடு."

குறியை எடுத்தாள். வரி பழைய நிறத்துக்கு வந்தது. மக்ரோவைத் திரும்ப ஓட்ட, பெட்டி மறுபடி இறந்த திகதியைக் கேட்டது. அவன் போன நாளை ஒவ்வோர் எண்ணாக அடித்தவள், கடைசி விசையில் விரலை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

மாக்கிறட் எழுந்து பக்கத்தில் வந்தாள். "இதையோ அமத்துறது?"

"ஓம்."

"கைய எடு. பெத்தவள் நான், நானே அமத்துறன்."

கண்மூடித் திறப்பதற்குள் பூக்கரையும் குருசும் செபமும் வந்துவிட்டன. யாருக்கும் வருகிற அதே வேகத்தில் றொபிக்கும் வந்தது. அஜித்தா மேசையில் தலையைக் கவிழ்த்து, அவன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

அன்று வீட்டில் உலை வைத்தவள் மாக்கிறட். ஓர் ஆளுக்குக் குறைத்து அரிசி போட்டாள்.