அம்மாகிட்டக் கேளு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முதல் அழைப்பு வந்தது. நான் பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத ஆண் குரல். "அம்மாவா பேசுறீங்க? படத்துல இருக்கிற புள்ளகூட பேசலாமா?" வைத்துவிட்டேன். கால் மணி நேரத்துக்குள் இன்னும் நான்கு பேர்.

தப்பு என்னுடையது என்று இரண்டாவது அழைப்பிலேயே புரிந்துவிட்டது.

மாதா கோயில் இளைஞர்கள் போடும் நாடகத்தில், ஜோடி தேடித் தரும் ஆப் ஒன்றை நம்பி ஏமாறும் பெண்ணாக என் மகள் நடிக்கிறாள். அந்த ஆப்புக்கு எங்கேயும் இல்லாத பெயர் வேண்டும் என்று போன வாரம் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். நான் சொன்ன நல்ல பெயர்களையெல்லாம் போனில் தேடிப் பார்த்து, "இது இருக்கும்மா, இதுவும் இருக்கு" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ரயில் பாதை எங்கள் ஊர் மாத்தளையோடு முடிகிறதே என்று 'கடைசி ஸ்டேஷன்' என்றேன். "ஐயோ, சவக்காலைக்குப் போட்ட பேரு மாதிரி இருக்கும்மா!"

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். யாரும் அதை உண்மையென்று நம்பிவிடக் கூடாது. எந்தப் பிள்ளையும் தன் போனில் வைத்துக்கொள்ள வெட்கப்படும் பெயராக யோசித்து, 'அம்மாகிட்டக் கேளு' என்றேன். மகள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அதுவே முடிவானது. மேடைக்குப் பெரிய பதாகை செய்தார்கள். நடுவில் அவள் படம், மேலே பெயர், கீழே ஒரு நம்பர். கண்ட நம்பரைப் போட்டால் யாருக்காவது தொல்லை என்று என் நம்பரையே கொடுத்திருந்தேன். ஒத்திகையில் யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது.

அன்றைக்கும் அவள் ஒத்திகைக்கு ரத்தோட்டைக்குப் போயிருந்தாள். அழைத்தேன். போன் அணைந்திருந்தது. வேலைக்காகக் கலேவெலவில் இருந்த கணவர், "பேர் கேட்டா பேரை மட்டும் குடுக்க வேண்டியதுதானே, நம்பர் எதுக்கு?" என்று கத்திவிட்டு, பஸ் ஏறுவதாகச் சொன்னார்.

நாலேகாலுக்கு இன்னொரு குரல். கரகரப்பானது. பின்னால் பஸ் இரைச்சல். "படத்துல உள்ள புள்ள எங்க கூடத்தான் வருது..." அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். கிடைக்கவில்லை.

செருப்பைப் போட்டேன், கழற்றினேன். பொலிசுக்குப் போனால் அவள் வரும்போது வீட்டில் ஆளிருக்காது. காலையில் என்ன நிறச் சட்டை போட்டுப் போனாள் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. அப்போதுதான் அழுதேன்.

ஐந்து மணி தாண்டி வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியவள் மகள். மஞ்சள் சட்டை. முகத்தையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"என்னம்மா இது? என் போன் செத்துப்போச்சுன்னு அந்த அண்ணன் போன்ல சொன்னாரே, கேக்கலையா?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய தாய். ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவராம் அந்தத் தாய். படத்தில் பார்த்த என் மகளைப் பஸ்ஸில் அடையாளம் கண்டு, பக்கத்தில் உட்காரவைத்து, வீடு வரைக்கும் கூட்டி வந்திருக்கிறார்.

"அது நாடகம்ங்க, அப்படி ஒரு ஆப்பே இல்ல" என்றேன்.

"அம்மா, போதும், வாங்க போவோம்" என்றார் மகன். அதே கரகரப்புக் குரல்.

"நீ சும்மா இருடா" என்று அவரை அடக்கிவிட்டு, அந்தத் தாய் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "புள்ள எல்லாத்தையும் சொல்லிருச்சுங்க டீச்சர். மத்த ஆப்பெல்லாம் வாயில நுழையாத பேரு. இதுலதான் அம்மாகிட்டக் கேளுன்னு போட்டிருந்துச்சு. அதான் நேர்லயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தெரிஞ்ச எடத்துல எம்மகனுக்கு ஒரு புள்ள இருந்தா சொல்லுங்க."