அந்த ஒரு சீட்டுக்கான பாட்டு

அத்திபெலேயில் நான் ஏறிய வாடகைக் கார் ஓசூர் ரோட்டில் முக்கால் மணி நேரமாக நகரவில்லை. நரைத்த மீசைக்கார டிரைவர் இஞ்ச் டேப்பை எடுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் காதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார். ஸ்டீரியோவில் எண்களை மாற்றிப் பாட்டைப் போட்டார்.

"கிட்ட இருக்குற ஸ்பீக்கரைக் கொஞ்சம் லேட்டாக்கினா எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து சேரும் சார்."

"பின்னாடி எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இந்த சீட்டுக்குத்தான் செட் பண்ணேன். நாள் பூரா இதுலதானே கெடக்கறேன். வந்து உக்காந்து பாருங்க."

இடம் மாறினோம். பாடகி எனக்கு நேர் எதிரே நின்று பாடுவது போலிருந்தது. வியப்போடு திரும்பினேன். அவர் பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிவிட்டிருந்தார்.

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னால் ஹாரன்கள் அலறின. எழுப்ப மனம் வராமல் கியரைப் போட்டேன். வீடு வரை நானே ஓட்டினேன்.