அணுவைப் பார்க்காத டீச்சர்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கண்ணெதிரே இருக்கும் கரும்பலகையையே பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுதான் என் தொழில். புனேயில், ஆகுர்டிப் பக்கம் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்புக்கு அறிவியல். இப்போதைக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமா, நடையைக் கட்டவா என்பது தலைமையாசிரியை கையில். பிள்ளைகளின் மராத்தி இந்திக் கலவையைத் தமிழில் தருகிறேன்; வகுப்பறையில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு எந்த மொழியிலும் புரியும்.

ஊதுபத்தி

துகள்கள் ஓயாமல் அலைகின்றன என்று காட்ட, ஊதுபத்தியும் தீப்பெட்டியுமாக மூலையில் நின்றேன். வாசனை வந்ததும் கையைத் தூக்க வேண்டும். முன்வரிசையில் தொடங்கி ஒவ்வொரு கையாக எழும் என்று எனக்குக் கனவு. குச்சியை உரசுவதற்குள் அத்தனை கைகளும் மேலே. சானிகா மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு ஜலதோஷம் மிஸ். ஆனா இவங்களுக்கும் வாசனை வரலைன்னு எனக்குத் தெரியும்."

எள்ளுருண்டை

சங்கராந்திக்குப் பிள்ளைகள் எள்ளுருண்டை கொண்டுவந்தார்கள். பெரியது ஒன்று ஆக்சிஜன், சின்னது இரண்டு ஹைட்ரஜன், நடுவே பல் குத்தும் குச்சி. தண்ணீர் மூலக்கூறு தயார். பலகையில் படம் வரைந்துவிட்டுத் திரும்பினால் ரோஹனின் கன்னம் உப்பியிருந்தது. அதட்டத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவன் நிதானமாக விழுங்கிவிட்டு மிச்சத்தை நீட்டினான்.

"ஆக்சிஜன் நல்லா இருந்துச்சு மிஸ், ஹைட்ரஜனை நீங்க சாப்பிடுங்க."

டம்ளரில் சர்க்கரை

விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரில் சர்க்கரையை மெல்லப் போட்டால் வழியாது. துகள்களுக்கு நடுவே இருக்கும் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். என் வகுப்பின் ஒரே தமிழ்ப் பையன் கார்த்திக் இதை வீட்டில் செய்து காட்டியிருக்கிறான். அவன் அப்பாவுக்குப் பக்கத்திலிருக்கும் சாகண் ஊரில் கார் தொழிற்சாலை வேலை, உடம்பில் சர்க்கரை வியாதி. இடத்தையே அடைக்காதது உடம்பை என்ன செய்துவிடும் என்று டீயில் இரண்டு ஸ்பூன் போட ஆரம்பித்துவிட்டாராம். அவன் அம்மா போன் செய்தார்.

"கரைஞ்சாலும் அது டம்ளருக்குள்ளதான் இருக்குன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம், நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

கடைசி பெஞ்சு

என் வேலையை முடிவு செய்ய, தலைமையாசிரியை நோட்டோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் சரித்திரம் எடுப்பவர். நான் சாக்பீஸை உடைத்து, உடைத்ததை மறுபடி உடைத்து, அணுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

"நீங்க அணுவைப் பாத்திருக்கீங்களா மிஸ்?" என்றாள் தன்வி.

சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லம்மா, பாத்ததில்ல. சோதிச்சவங்க எழுதினதைப் படிச்சுத்தான் நம்பறேன். நீ பெரியவளானதும் சோதிச்சுப் பாரு" என்றேன். தலைமையாசிரியை நோட்டில் எதையோ எழுதினார். போச்சு, வேறு பள்ளி தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்ததும் என் மேஜைக்கு வந்தார்.

"முப்பது வருஷமா நானும் பாக்காத ராஜாக்களைப் பத்தித்தான் பாடம் எடுக்கறேன், ஆனா பாக்கலைன்னு ஒரு நாளும் பிள்ளைங்ககிட்ட சொன்னதில்ல. நாளைக்கு ஆபீசுக்கு வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்குங்க."

அணுவை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆர்டரைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.