வாசலில் சொல்ல ஒரு வார்த்தை

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு வராதவர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அம்பத்தூரில் இதைச் சொன்னால் பாதிப் பேர், "மேடைப் பேச்சா சார்?" என்று கேட்பார்கள். கட்சிக்காரர் ஒருவர் தேர்தலுக்கு முன்பு என் போன் நம்பரையே வாங்கிப் போனார். மீதிப் பேர் "ஓகோ" என்று சொல்லிவிட்டு, என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரிப்பார்கள்.

இந்தத் தொழிலில் சலிப்பு தட்டும் என்பது எங்கள் சென்டருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை எங்களை உட்காரவைத்து ஊக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சின்னச் சின்ன வெற்றிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடி ஜாடியில் போட்டு வையுங்கள், சோர்வு வரும்போது எடுத்துப் படியுங்கள் என்றார் வந்தவர். அன்றைக்கே ஜாடி வாங்கினேன். ரொம்ப நாள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து என் மனைவி அதில் உளுத்தம்பருப்பைக் கொட்டிவிட்டாள். இப்போது சோர்வு வந்தால் இட்லி சாப்பிடுகிறேன்.

என் மச்சான் திருநின்றவூர் பக்கம் மனை விற்கிறான். "இன்னா மாமா, பேச்சே வராதவங்க கூட இன்னா பேசிக்கினு கீற? கைல காசு வெச்சிக்கினு கீறவங்க கூட பேசு. சைட்டுக்கு வந்துடு" என்பான். என்னை அசைத்தது அவன் வாதம் அல்ல, அவனுடைய ஏ.சி. கார். கையில் இருக்கும் ஒரு கேஸை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அந்த கேஸ் அண்ணனூரில் இருந்தது. பெரியவர், பாடியில் ஒரு தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுந்துவிட்டன. பேச்சு முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் தங்கிவிட்டது. இந்த நோயில் அப்படி உண்டு. சிலருக்குச் சாமி பெயர் தங்கும், சிலருக்கு 'ஆமாம்' தங்கும். இவருக்குத் தங்கியது 'கஸ்மாலம்' என்ற மெட்ராஸ் வசவு. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான்.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பசுமாடு. "கஸ்மாலம்." குடை. "கஸ்மாலம்." தப்பு என்று அவருக்கே தெரியும். இடது கையால் தலையில் அடித்துக்கொள்வார். பேச்சை மாற்ற, என்னையே சுட்டிக்காட்டி, "நான் யாரு, சொல்லுங்க?" என்றேன்.

"கஸ்மாலம்."

"இது ஒண்ணுதான் சார் கரீட்டா சொல்லிக்கீறாரு" என்றார் அவர் மனைவி.

ஆனால் அந்த அம்மாவின் கவலை வேடிக்கையான கவலை அல்ல. தை மாதம் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆவடியில் ஃபிளாட் வாங்கியவர்கள். "ஊட்டுக்குப் பெரியவரு இவுருதான் சார். வர்றவங்கள வாசல்ல வெச்சி 'வாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லணும். எம் புள்ள இன்னாடான்னா, அன்னிக்கு மட்டும் ரூம்ல உட்கார வெச்சிக் கதவ சாத்திடலாம்ன்றான். ஊட்டுக்காரர ஒளிச்சி வெச்சிட்டு நல்லது பண்ணுவாங்களா?"

பேச்சை இழந்தவர்களிடமும் பாட்டு மிச்சமிருக்கும். அதனால் தொடையில் தட்டிக்கொண்டே ராகமாகச் சொல்லவைப்பது எங்கள் தொழிலில் ஒரு வழி. 'வா'வை ஏற்றி, 'ங்க'வை இறக்கி ஒரு மெட்டுப் போட்டேன். வீடே அதைக் கற்றுக்கொண்டது. அந்த அம்மா பாத்திரம் துலக்கும்போது பாடினார். பேத்தி போனில் மாப்பிள்ளையிடம் பாடினாள். மாடியில் குடியிருந்த ஐ.டி. இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். பெரியவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாலை திடீரென்று தொடையில் தட்டினார். மூச்சை இழுத்தார். எல்லோரும் அப்படியே நின்றோம். என் மெட்டு பிசிறில்லாமல் வந்தது.

"கஸ்-மா-லம்."

அன்று மச்சானுக்கு நானே போன் செய்து, நிச்சயதார்த்தம் முடிந்ததும் சைட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

நிச்சயதார்த்தத்தன்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். மகன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "சார், அப்பா எதாச்சும் சொல்லிட்டாருன்னா நீங்க சத்தமா இருமிடுங்க" என்றார். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நாற்காலி போட்டுப் பெரியவரை உட்காரவைத்திருந்தார்கள். அந்த அம்மா ஜெயித்துவிட்டார். கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா நேராக அவரிடம் வந்து கைகூப்பினார். பெரியவரின் உதடு பிரிந்தது. நான் இருமலை நெஞ்சில் ஏற்றிவைத்துக் காத்திருந்தேன். இடது கை மெல்லத் தொடைக்குப் போனது. ஒரு தட்டு.

"வா... ங்க."

மெட்டோடுதான். திருநெல்வேலிக்காரர்கள் அதைச் சென்னைப் பழக்கம் என்று நினைத்திருப்பார்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அடக்கிவைத்த இருமல் எனக்கு அப்போதுதான் வெடித்தது. மகன் என்னை முறைத்தார்.

வந்த வார்த்தை நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். தட்டு மாற்றும்போது "வாங்க". பாயசத்தைப் பார்த்து "வாங்க". விடைபெற்றுக் காரில் ஏறப்போனவர்களைப் பார்த்தும் "வாங்க, வாங்க". கூப்பிடுகிறாரே என்று அவர்கள் திரும்பி வந்தார்கள். மறுபடி கிளம்பினார்கள், மறுபடி கூப்பிட்டார். "ஐயாவுக்கு எம்புட்டுப் பாசம் பாத்தியளா! விட மாட்டேங்காவளே!" என்று மாப்பிள்ளையின் அப்பா உருகிப்போய், இன்னொரு காபியும் குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் நான் போனபோதும் வாசலில்தான் இருந்தார். "வாங்க" என்றார். அது வரவேற்பா, நோயின் அறிகுறியா என்று தொழில்முறையில் என்னால் சொல்ல முடியாது. காபி வந்ததும், வரவேற்புதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

"சார், இப்ப எல்லாத்துக்கும் இதான். என்னத் திட்டணும்னாகூட 'வாங்க'தான்" என்றார் அந்த அம்மா. "அடுத்தது 'போய்ட்டு வாங்க' சொல்லிக் குடுத்துடுங்க. இல்லன்னா கல்யாணத்துக்கு வர்றவங்க ஒருத்தரும் ஊடு போய்ச் சேர மாட்டாங்க."

கல்யாணம் வைகாசியில். அதற்குள் முடியாது என்று எனக்குத் தெரியும். மச்சானின் ஏ.சி. கார் காத்திருக்கட்டும்.

"முடிச்சிடலாம்மா" என்றேன்.