நாறிய மீனும் எங்கள் ஒற்றுமையும்
சீகிரியா விடுதியில் நான் மேசையில் சாப்பாடு பரிமாறிய காலத்தில், எனக்கும் சமையற்காரருக்கும் எப்போதும் சண்டைதான். ஒருநாள் திருகோணமலையிலிருந்து வந்த மீன் நாறியது. வெள்ளைக்காரப் பயணிகள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

“கொட்டிருவோமுங்க,” என்றார் சமையற்காரர்.

“வினாகிரியில கழுவி, மிளகு கூடப் போடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு சமாளிங்க,” என்றார் மனேஜர்.

அன்றுதான் நாங்கள் சண்டையில்லாமல் வேலை செய்தோம். அவர் கழுவிப் பொரித்தார். நான் எலுமிச்சை பிழிந்து, சிரித்தபடி பரிமாறினேன். ஒரு வயதான வெள்ளைக்காரத் துரைசாணி மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“இப்படித்தான் ஒத்துமையா இருக்கணும்,” என்று மனேஜர் எங்கள் தோளில் தட்டினார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் என் கையில் அந்த வாடை போகவில்லை.

மாலையில் துரைசாணிக்கு வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரில் ஏற்றும்போது, என்ன சாப்பிட்டார் என்று டிரைவர் கேட்டார். “தண்ணி ஒத்துக்கல,” என்றோம், இருவரும் ஒரே குரலில்.